குயிலுக்குக் கிடைத்த கூடு

கடிகாரத்தை ஈழத்துத் தமிழில் மணிக்கூடு என்கிறோம். இந்தப் பெயர் மிகப் பொருந்துவது குயில் மணிக்கூட்டுக்குத்தான். ஏனெனில் குயில் கூடு கட்டாத பறவை. நம்மூர்க் குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடும். அதன் இனமான ஐரோப்பியக் குக்கூவும் வேறு சிறு பறவைகளின் கூட்டையே நாடும். வீடற்ற அந்தப் பறவைக்கு மரத்தால் வீடு செய்து கொடுத்தவர்கள் ஜேர்மனியின் தென்மேற்கிலுள்ள கருங்காட்டு மக்கள்.

சித்திரைப் புத்தாண்டு நெருங்கிவிட்டதென ஓட்டமாவடி மரங்களில் குயில் கூவிச் சொல்லும். குளிர் நீங்கி இளவேனில் வந்ததென அங்கே சொல்வது குக்கூ. பருவம் சொன்ன பறவையையே மணியும் சொல்ல வைத்தான் மனிதன்.

இயந்திரக் குயில் கருங்காட்டாரின் கண்டுபிடிப்பன்று. 1629இல் சக்சனி ஆட்சியாளரிடமிருந்த குயில் மணிக்கூட்டைப் பற்றி பிலிப் ஹைன்ஹோபர் எழுதியிருக்கிறார். 1650இல் அத்தனாசியஸ் கிர்ச்சர் தமது இசை நூலில் இயந்திரக் குயிலை விளக்கினார். பிரபுக்களின் அப்பொருளைச் சாதாரண வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்ததே கருங்காட்டாரின் சாதனை. பனிக்காலத்தில் வயலில் வேலை இல்லை. காட்டிலோ மரத்துக்குக் குறைவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் மரப் பற்சக்கரங்களால் மணிக்கூடு செய்தார்கள். அவற்றை முதுகில் சுமந்து ஊரூராக விற்றார்கள்.

உள்ளிருக்கும் நுட்பம் எளிது. இரண்டு சிறு துருத்திகள், இரண்டு மரக் குழல்கள். ஒரு குழல் மேல் சுரம். மற்றது கீழ்ச் சுரம். சங்கிலியில் தொங்கும் பாரம் மெல்ல இறங்கச் சக்கரங்கள் சுழலும். மணி நிறைந்ததும் கதவு திறக்கும். குயில் தலைகாட்டிக் கூவும்.

தொடக்கத்தில் முகப்புப் பலகையில் பூக்களை வர்ணத்தால் தீட்டினார்கள். 1840களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் மலிவான மணிக்கூடுகள் வந்து இக்கைத்தொழிலை ஆட்டங்காணச் செய்தன. பாடன் அரசு 1850இல் புர்ட்வாங்கன் நகரில் மணிக்கூட்டுத் தொழிற் பாடசாலையை நிறுவியது. அதன் அதிபர் றொபேட் கெர்விக், புதிய வடிவங்களை வரைந்து அனுப்புமாறு கலைஞர்களுக்கு அழைப்பு விடுத்தார். புகையிரதக் கட்டடங்களை வடிவமைத்த பிரெடெரிக் ஐசன்லோர், புகையிரதக் காவலாளியின் சிறு வீட்டையே மணிக்கூட்டின் முகப்பாக்கி, அதிற் கொடிகளைப் படரவிட்டார். குயில் மணிக்கூடு என்றதும் நம் கண்முன் வரும் கூரை வீட்டின் மூலம் அதுவே.

1862அளவில் யோகான் பாப்திஸ்த் பேகா, தொங்கும் பாரத்தை ஊசியிலை மரக் காய்போல வார்த்தார். மான் தலையும் வேட்டைத் துப்பாக்கியும் இலைகளும் செதுக்கிய வேட்டைப் பாணி பரவியது. பின்னர் வந்தது சுவிற்சர்லாந்து மலைவீட்டுப் பாணி. குயில் மணிக்கூடு சுவிஸ் நாட்டுப் பொருள் எனப் பலர் மயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நேயர்களே! மலிவுப் பொருள் வந்தபோது கருங்காட்டார் உளியைக் கீழே வைக்கவில்லை. கைவினைஞனின் பக்கத்தில் கலைஞனை அமர்த்தினார்கள். இருவருக்கும் பின்னால் ஒரு பாடசாலை நின்றது. பிளாஸ்டிக் பாய் வந்தபின் நம் கிழக்கிலங்கைப் பெண்கள் இழைக்கும் பன்பாய்க்கு யார் புது வடிவம் வரைந்து கொடுத்தார்கள்? கூடில்லாக் குயிலுக்கு அங்கே கூடு கிடைத்தது. கூடு இழந்து நிற்கும் நம் கைப்பணிகளுக்கு அதைக் கட்டிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தாம்.