ஃபைப்ரின் சவ்வு ஒட்டு (கண் சதைவளர்ச்சி)

இமையிணைப்படலத்தினின்று கருவிழியின்மேல் படரும் சதைவளர்ச்சியை நீக்கியபின் வெறுமையாகும் வெண்விழிப் பரப்பை மூடுதற்கென, நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்தே தயாரிக்கப்படும் தட்டணுக்கள் செறிந்த சவ்வு. உறைவெதிர்ப்பொருள் கலவாது எடுத்த இரத்தத்தை உடனே மையவிலக்குப் பொறியிலிட்டுச் சுழற்ற, அடியில் சிவப்பணுக்களும் மேலே தெளிநீரும் பிரிந்து நிற்க, நடுவே திரளும் ஃபைப்ரின் (இரத்த உறைவுப் புரத இழை) உறைகட்டியை அழுத்திச் சவ்வாக்குவர். 2001-இல் பிரான்சில் ஜோசப் ஷூக்ரூன் இம்முறையைப் பல், தாடைச் சிகிச்சைக்கென வகுத்தார்; பின்னரே இது கண்ணுக்கும் பயன்படலாயிற்று. உள்ளே சிக்கிய தட்டணுக்கள் வளர்ச்சிக் காரணிகளைப் படிப்படியாக வெளிவிட்டுப் புண் ஆறத் துணைபுரிகின்றன. வெண்விழியை மூடாது விடின் சதை மீண்டும் வளர்வது மிகுதியாதலின், நோயாளியின் கண்ணிலிருந்தே எடுத்த இமையிணைப்படலத் துண்டை ஒட்டுதல் இன்றும் பிரதான முறையாக விளங்குகிறது. ஆயினும் கண்ணழுத்த நோய்க்குப் பிற்காலத்தில் சத்திரசிகிச்சை வேண்டியவராகக்கூடியோரிடம் அப்படலத்தைச் சிதைக்காமல் காப்பது இச்சவ்வின் விசேஷப் பயனெனக் கொள்ளத் தகும்.