ஓலைப்பதிவும் தகரச்சீட்டும் குக்கியும்

ஒருவரைப்பற்றி மற்றொருவர் குறிப்பெழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் அரசியலைப் போலவே தொன்மை வாய்ந்தது. வரி தண்டவும், வேலை வாங்கவும், காவல் செய்யவும் அக்குறிப்பு வேண்டப்பட்டது. கோபன் என்னும் அதிகாரி தன் பொறுப்பிலுள்ள குடிகளின் தொழிலையும் வரவு செலவையும் அறிந்து கணக்கில் வைத்தல்வேண்டுமெனக் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் விதிக்கின்றது. இன்று இணையத்தளங்கள் தம்மிடம் வருவோரைக் 'குக்கி' என்னும் கருவியாற் குறித்து வைக்கும் முறையும் இந்நெடிய வரலாற்றின் ஓர் அத்தியாயமேயாம். பொறியியலாளர்க்கு மட்டுமே உரிய செய்தியெனப் பலரும் கருதும் இதனை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். குறிப்பை எழுதுபவர் யார், படிப்பவர் யார், எழுதப்பட்டவர் அதனை அறிவாரா என்னும் மூன்று வினாக்களும் நமக்கு வழிகாட்டும்.

மாத்தளை மாவட்டத்திலே, நக்கிள்ஸ் மலைத்தொடரைச் சார்ந்து கிடக்கும் லக்கலப் பகுதியிலிருந்து தொடங்குவோம். கண்டி மன்னர் காலத்தில் இது மாத்தளைத் திசாவனியைச் சேர்ந்திருந்தது. மலையும் காடும் சூழ்ந்த நாடாயினும் அரசின் ஏட்டிற்கு அது எட்டாததன்று. லேகம்மிட்டி எனப்பட்ட ஓலைப்பதிவுகளில், இன்ன நிலத்தை இன்னார் அனுபவிக்கின்றார், அதற்கீடாக அரசனுக்கு இன்ன ஊழியம் செய்யக் கடமைப்பட்டுள்ளார் என எழுதப்பட்டது. இராசகாரியம் என்னும் ஊழியமுறை முழுவதும் இவ்வேடுகளையே சார்ந்து நின்றது. கரையோரத்தில் ஒல்லாந்தர் எழுதிய காணித்தோம்பும் தலைத்தோம்பும் இவ்வினத்தனவே.

இப்பதிவுகள் குடிகளுக்குச் சுமையாய் அமைந்தன என்பது உண்மை. ஆயினும், அவற்றில் ஒரு நேர்மையும் இருந்தது. தன் பெயர் எதற்காக எழுதப்பட்டதென்பதை உழவன் அறிந்திருந்தான். தன் நிலவுரிமைக்குச் சான்றாக அதே பதிவை எடுத்துக்காட்டவும் அவனுக்கு இயலும். பதிவு என்றாலே தீமை என்று கொள்ளல் பொருந்தாது என்பதற்கு இது சான்றாகும்.

இராசகாரியம் 1832ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. பின்னர் மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்களும், அவற்றைத் தொடர்ந்து தேயிலைத் தோட்டங்களும் பெருகின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே பலநாள் நடந்து மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் பலர். அந்நூற்றாண்டின் இறுதியில் அவ்வழி கைவிடப்பட்டு, புகைவண்டியும் கப்பலுமாகிய பயணம் வழக்கில் வந்தபோது ஒரு புதிய இடர்ப்பாடு தோன்றிற்று. கையிற் காசில்லாத தொழிலாளி, முகாமிலும் துறைமுகத்திலும் புகைவண்டி நிலையத்திலும் தன்னை அறியாதவர்களைச் சந்திக்கின்றான். இவன் யார், எத்தோட்டத்திற்குச் செல்பவன், வழிச்செலவை எவர் கணக்கில் எழுதுவது என்று ஒவ்வோரிடத்திலும் வினா எழும்.

இதற்கு விடையாக 1901ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்டதே தகரச்சீட்டு முறை. வட்டமான சிறு தகரத்தில் மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தின் எண்ணும், தொழிலாளியின் எண்ணும் பொறிக்கப்பட்டன. தொழிலாளி அதனை அணிந்துகொண்டு பயணஞ் செய்தான். வழியிலுள்ள ஒவ்வோர் அலுவலரும் தகரத்தைப் பார்த்து அவனை மேலே அனுப்பினர். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறிற்று. தகரத்தில் இருந்தவை சில எழுத்தும் எண்ணுமே. அவ்வெண்ணுக்குரிய முழுச்செய்தியும் வேறோரிடத்துப் பேரேட்டில் இருந்தது. சீட்டைச் சுமந்தவன் தொழிலாளி. அதனை எழுதியவனும் அதனாற் பயன்கொண்டவனும் பிறர். பயணத்தை எளிதாக்கிய அதே தகரம் மனிதனை எண்ணாகவும் ஆக்கிற்று.

இதனினுங் கொடியது 'துண்டு' எனப்பட்ட முறை. கங்காணியும் அவன் ஆட்களும் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற்குச் செல்ல விரும்பின், இத்துணைப் பணங் கட்டினால் இவர்கள் விடுவிக்கப்படுவர் எனத் துரை எழுதிக்கொடுக்குஞ் சீட்டே துண்டாகும். கங்காணி அதனை வேறு தோட்டங்களுக்குக் கொண்டுசென்று முன்பணம் பேசினான். சீட்டு கைமாறுந்தோறும் கடன் வளர்ந்தது. தொழிலாளர் பெரும்பாலார்க்கு எழுத்தறிவில்லை. தம்மைப்பற்றி எழுதப்பட்ட தொகை யாதென்பதையும், அதனை எவரெவர் படித்தனர் என்பதையும் அவர்கள் அறிந்திலர். கணக்குக்காக எழுதப்பட்ட குறிப்பு, நாளடைவில் மனிதரையே கைமாற்றும் விலைச்சீட்டாயிற்று. பல்லாண்டுக் கண்டனத்தின்பின் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டுமுறை நீக்கப்பட்டது.

இனிக் குக்கியைக் காண்போம். உலகளாவிய வலையின் அடிப்படை விதிமுறைக்கு நினைவாற்றல் இல்லை. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த பக்கத்தைக் கேட்பவரும் ஒருவர்தாமா என்பதை வழங்கிக் கணினி தானாக அறியாது. வழிநெடுக அறியாதவர்களைச் சந்தித்த தொழிலாளியின் நிலையே இது. ஒரு கடையிற் பொருளைத் தெரிந்தெடுத்தவர் விலைகொடுக்கும் பக்கத்திற்கு வரும்போது முற்றிலும் புதியவராகிவிடுவார். நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய லூ மொந்துல்லி என்பவர் 1994ஆம் ஆண்டில் இக்குறையைத் தீர்க்க ஒரு வழி கண்டார். தளம் ஒரு சிறு குறிப்பை வருகையாளரின் உலாவிக்கு அனுப்பும். உலாவி அதனைச் சேமித்து வைத்து, மீண்டும் அத்தளத்திற்குச் செல்லும்போது காட்டும். குறிப்பில் இருப்பது பெரும்பாலும் ஓர் எண்ணே. அதற்குரிய செய்தி தளத்தின் பேரேட்டில் இருக்கும். தகரச்சீட்டிற்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை.

இம்முறையில் ஓர் அறமும் உண்டு. ஒரு தளம் எழுதிய குறிப்பை அத்தளமே படிக்கலாம்; பிறிதொரு தளம் படித்தலாகாது. எல்லாத் தளங்களும் கண்டறியத்தக்க ஒரே அடையாள எண்ணை ஒவ்வோர் உலாவிக்கும் இடுவதை மொந்துல்லி விரும்பவில்லை. ஆனால், அவ்வேலிக்கு ஒரு வாயில் இருந்தது. ஒரு செய்தித்தளத்தின் பக்கத்தில் விளம்பர நிறுவனமொன்றின் படம் அமைந்திருப்பின், அந்நிறுவனமும் தன் குக்கியை இடலாம். அதே நிறுவனத்தின் படம் ஆயிரந் தளங்களில் இருப்பின், ஆயிரம் இடங்களிலும் ஒரே எண் காட்டப்படும். வாசகர் ஓரிடத்தில் நோயைப்பற்றிப் படித்ததும், வேறிடத்தில் வேலை தேடியதும் ஒரே ஏட்டில் ஒன்றுசேரும். இதுவே மூன்றாந்தரப்புக் குக்கி.

1997ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் தொழில்நுட்ப நெறிமுறையே, இத்தகைய குக்கிகளை இயல்பாக ஏற்கலாகாதென அறிவுறுத்திற்று. உலாவி நிறுவனங்கள் அதனைப் பின்பற்றவில்லை. டபிள்கிளிக் என்னும் விளம்பர நிறுவனம் 1999ஆம் ஆண்டில், பெயரும் முகவரியும் கொண்ட நுகர்வோர் பட்டியல்களை வைத்திருந்த அபகஸ் டிரெக்ற் நிறுவனத்தை வாங்கிற்று. பெயரறியாக் குக்கிகளை அப்பெயர்களோடு இணைக்க அது முயன்றபோது அமெரிக்காவிற் பெருங் கண்டனம் எழுந்தது. 2000ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அம்முயற்சியை நிறுத்தி வைத்தது. ஒரு நோக்கத்திற்காக எடுத்த குறிப்பு மற்றொரு நோக்கத்திற்குக் கைமாறுதலே துண்டுமுறையின் தீமை என்று கண்டோம். இங்கும் தீமை அதுவே.

காப்பு மூன்று வகையால் வந்தது. முதலாவது, தளத்தின் ஒழுங்கு. நல்ல தளம் தன் குக்கிக்கு முடிவுக்காலம் விதிக்கும். மறையாக்கஞ் செய்த வழியில் மட்டுமே அதனைச் செலுத்தும். பக்கத்திற் புகுந்த அயல் நிரல்கள் அதனைப் படியாவண்ணம் தடுக்கும். இரண்டாவது, உலாவியின் காவல். சபாரி 2017ஆம் ஆண்டிலும் பயர்பொக்ஸ் 2019ஆம் ஆண்டிலும் பின்தொடரும் குக்கிகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. கூகிள் நிறுவனம் தன் உலாவியிலிருந்து மூன்றாந்தரப்புக் குக்கிகளை அகற்றுவதாக 2020ஆம் ஆண்டில் அறிவித்து, பலமுறை காலந்தாழ்த்தி, 2024ஆம் ஆண்டில் அத்திட்டத்தைக் கைவிட்டது. விளம்பர வருவாயால் வாழும் நிறுவனத்தின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாதென்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

மூன்றாவது, சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டில், குக்கி இடுவதை வருகையாளருக்கு அறிவித்து, மறுக்கும் உரிமையையும் அளித்தல்வேண்டுமெனப் பணித்தது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் முன்கூட்டிய இசைவை வேண்டிற்று. முன்னரே குறியிடப்பட்ட கட்டம் இசைவாகாது என 2019ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017ஆம் ஆண்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று ஒருமனதாகக் கூறினர். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தரவு குறித்த நோக்கத்திற்கே பயன்படல்வேண்டும் என்பதும், தன்னைப்பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தவும் ஒருவர்க்கு உரிமை உண்டென்பதும் அதன் கோட்பாடுகளாம்.

சட்டத்தின் எழுத்து ஒருபுறமிருக்க, நடைமுறை வேறாதலுங் கூடும். இக்காலத்துத் தளங்களில் எழும் இசைவுப் பலகைகளில், 'ஏற்கின்றேன்' என்பது பெரிதாய் ஒளிர, மறுக்கும் வழி பல பக்கங்களுக்கு அப்பால் மறைந்து கிடப்பதைக் காண்கிறோம். எழுத்தறியாத தொழிலாளி துண்டைப் படிக்க இயலாதிருந்தான். எழுத்தறிந்த நாம் நீண்ட அறிக்கையைப் படியாது விடுகிறோம். காரணம் வேறாயினும் விளைவு ஒன்றே.

லக்கலவின் பழைய நகர் களு கங்கை நீர்த்தேக்கத்தில் மூழ்க, மக்களுக்குப் புதுநகர் அமைக்கப்பட்டது. அங்கிருந்து கைத்தொலைபேசியில் ஒரு தளத்தைத் திறக்கும் மாணவனின் எண்ணும் கடல்கடந்த பேரேட்டிற் பதியும். ஓலையில் எழுதிய லேகம் எவரென்பதை அவன் முன்னோர் அறிந்திருந்தனர். இவனுக்கோ எழுதுபவரின் பெயருந் தெரியாது, ஊருந் தெரியாது. ஆதலின் மூன்று வினாக்களையும் இன்று நாமே எழுப்புதல் வேண்டும். மாணவரின் பெயரையும் புள்ளியையும் படத்தையும் தம் தளங்களில் ஏற்றுங் கல்லூரிகளும் இவ்வினாக்களுக்கு விலக்கல்ல. எதற்காக எழுதுகிறோம், யார் படிக்கலாம், எப்பொழுது அழிப்போம் என்பவற்றை முன்னரே சொல்லிவிடுதல், குறிப்பெடுப்போர் யாவர்க்கும் உரிய கடன். அக்கடன் தவறியவிடத்தே பயணச்சீட்டு விலைச்சீட்டாய் மாறும் என்பது மாத்தளை மலைகளின் வரலாறு நமக்குக் கூறும் பாடமாகும்.