வங்கியமும் நாகசுரமும்: யாழ்ப்பாணத்துப் பெரியமேள மரபின் காலம் குறித்து ஒரு மறுவாசிப்பு

நாகசுரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பலர் முதற் பக்கத்திலேயே ஒரு சமன்பாட்டை நிறுவிவிடுகின்றனர்: பெருவங்கியமே நாகசுரம். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் வங்கியம் வருகிறது. எனவே முதலாம் இராசராசன் காலத்தில் நாகசுரம் ஒலித்தது. எனவே சோழர் தொடர்பினால் ஈழத்துக்கும் அது அப்போதே வந்திருக்கும். மூன்று படிகளில் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்துவிடும் இந்த வாசிப்பை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. முதற் படி தளர்ந்தால் மற்ற இரண்டும் நில்லா. இக்கட்டுரை பெரும்பாலும் அந்த முதற் படியைப் பற்றியது.

இந்த வாசிப்பு பிறந்த சூழலை முதலில் மதிக்க வேண்டும். 1960இல் மருதனார்மடத்தில் தோன்றிய இராமநாதன் இசைக் கல்லூரி 1975இல் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது. அங்கு இசைப் படிப்பு வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் என்னும் பாடங்களைச் சுற்றி வளர்ந்தது. நாகசுரமும் தவிலும் சேர்ந்த பெரியமேளமோ கோயில் வீதியிலும் குருவின் வீட்டுத் திண்ணையிலும் வளர்ந்தது. ஊரில் எந்த மங்கலமும் மேளக்காரர் இல்லாமல் நடவாது. ஆனால் கற்றோர் அவையில் அவர்களுக்கு இடம் தேடித்தர வேண்டியிருந்தது. அப்படித் தேடியவர்கள் தொன்மையைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அவர்களுடைய நோக்கத்தில் நான் குறை காணவில்லை. அழைத்த சாட்சி அந்தச் சாட்சியைச் சொல்லவில்லை என்பதே என் வாதம்.

சாட்சியை நேரே பார்ப்போம். இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் (1014) சேர்ந்த அந்த நீண்ட கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் அவர்களோடு சேர்ந்த கலைஞரையும் பணியாளரையும் வரிசைப்படுத்துகிறது. ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பது கணக்கு. நட்டுவம் செய்வோர், கானபாடி, வங்கியம், பாடவியம், உடுக்கை, வீணை, கொட்டிமத்தளம், முத்திரைச்சங்கு என்று கருவிகளும் தொழில்களும் அதில் வருகின்றன. நாகசுரம் என்ற சொல் அதில் இல்லை. தவில் என்ற சொல்லும் இல்லை. பெருவங்கிய வாசிப்பு வங்கியத்தை மட்டும் பிரித்தெடுக்கிறது. வரிசையோடு சேர்த்துப் படித்தால் அந்தச் சொல் நிற்கும் இடமே பொருளைச் சொல்லத் தொடங்குகிறது: ஆடலுக்கும் பாடலுக்கும் துணை நிற்போர் நடுவே அது நிற்கிறது. வீதியுலாவில் ஊர் முழுதும் கேட்க ஊதும் கருவிக்கு உரிய இடமாக எனக்கு அது தோன்றவில்லை.

இடத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. வங்கியம் எப்படிச் செய்யப்பட்டது என்று சொல்லும் நூல் வேண்டும். அதைத் தருபவர் அடியார்க்குநல்லார். சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் குழலின் இலக்கணத்தை அவர் விரிக்கிறார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று அதற்கு ஆகும் பொருள்களைச் சொல்கிறார். நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல் என்கிறார். வெண்கலத்தால் அணைசு செய்து இடமுகத்தை அடைத்து, வலமுகத்தைத் திறந்து விடவேண்டும் என்கிறார். பின்னர் ஊதும் முறைக்கு வரும்போது அதே கருவியை வங்கியம் என்றே அழைக்கிறார். ஒரு முகம் அடைபட்டு, பக்கத்துத் துளையில் வாய்வைத்து ஊதப்படுவது புல்லாங்குழல். நாகசுரத்தில் எந்த முகமும் அடைபடுவதில்லை: மேலே கெண்டையில் செருகிய சீவாளி என்னும் நாணல், கீழே விரிந்த அணைசு. சீவாளிக்கு நிகரான உறுப்பு எதுவும் அடியார்க்குநல்லாரின் விளக்கத்தில் இல்லை. துளைகளுக்கு இடையிலான அகலத்தை விரற்கணக்கில் சொல்லும் ஒருவர், ஒலி பிறக்கும் உறுப்பையே சொல்லாமல் விட்டிருப்பார் என்று கொள்வது கடினம்.

இவ்விடத்தில் என் வாதத்துக்கு எதிராக நிற்கும் ஒரு சொல்லை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது அணைசு. இன்று நாகசுரத்தின் அடிப்பகுதிக்கு வித்துவான்கள் வழங்கும் பெயரும் அதுவே. அணசு என்றும் சொல்வர். உரையாசிரியர் காலத்துக் குழலின் உறுப்புப் பெயர் இன்றைய நாகசுரத்தில் வாழ்கிறதென்றால், கருவியும் ஒன்றே என்று வாதிடலாம் அல்லவா? நான் இதில் நெடுநாள் தடுமாறினேன். இரண்டின் தொழிலையும் வைத்துப் பார்த்தபோது தெளிவு வந்தது. உரையில் அணைசு முகத்தை அடைப்பது. நாகசுரத்தில் அணைசு முகத்தை விரிப்பது. ஒன்று காற்றைத் தடுக்கிறது, மற்றது ஒலியைப் பரப்புகிறது. பொது என்று சொல்லத்தக்கது, குழலின் நுனியைத் தழுவி அணைத்து நிற்கும் தனி உறுப்பு என்ற அளவே. ஆகவே சொல் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது என்று கொள்கிறேன். கைவினைஞர் சொற்கள் இப்படிப் பெயர்வது வழக்கம்தான்.

எதிர்வாதத்துக்கு இன்னும் இடம் உண்டு. அடியார்க்குநல்லார் கல்வெட்டுக்குப் பிற்பட்டவர். அவருடைய காலத்தை ஓர் ஆண்டுக்குள் அடக்க முடியாது. இடைப்பட்ட காலத்தில் வங்கியம் என்ற சொல்லின் பொருள் சுருங்கியிருக்கலாம். ஊது கருவிகள் எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயராக இருந்திருக்கவும் கூடும். இவற்றை நான் மறுத்துவிட்டதாகச் சொல்லவில்லை. ஆனால் இருந்திருக்கலாம் என்பதை இருந்தது என்று எழுதும் உரிமை சமன்பாட்டை நிறுவியவர்களுக்கும் இல்லை. கல்வெட்டில் காணாமை இல்லாமைக்குச் சான்றாகாது என்பது உண்மை. இருந்தமைக்குச் சான்றாகவும் அது ஆகாது.

யாழ்ப்பாணத்துக்கு வந்தால் சான்று இன்னும் மெலிகிறது. அதனால் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சோழர் காலத்திலோ ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்திலோ கோயில்களில் எந்த ஊதுகருவி ஒலித்திருந்தாலும், அது முறியாமல் இன்றுவரை வந்தது என்று காட்ட இயலாது. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். நல்லூரில் இன்றுள்ள கோயிலின் தொடக்கம் 1734 என்பர். நூறு ஆண்டுக்கு மேல் கொடியேற்றமும் தேரும் இல்லாத நிலத்தில், அவற்றையே நம்பி வாழும் மேளக்காரர் குடும்பங்கள் எப்படித் தொடர்ந்து வாழ்ந்திருக்கும்? ஒல்லாந்தர் ஆட்சியின் கடைசிக் கட்டத்திலும் ஆங்கிலேயர் ஆட்சியிலும் கோயில்கள் மீண்டும் எழுந்தபோதே, காவிரிக்கரையிலிருந்து இசைவேளாளர் குடும்பங்கள் கடல் கடந்து வந்து இணுவில், அளவெட்டி போன்ற ஊர்களில் வேரூன்றின என்பதே எனக்குப் பொருந்துகிறது. முதற் குடும்பம் வந்த ஆண்டைத் தீர்த்துச் சொல்ல நான் துணியவில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியா, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியா என்பது திறந்த கேள்வியாகவே இருக்கட்டும்.

காவிரிக்கரைத் தொடர்புக்குக் கருவியே ஒரு சான்று. நாகசுரக் குழல் கடைய ஆச்சா மரம் வேண்டும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த மரத்தை நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர் தேடி வாங்குவர். அவ்வூர் நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. சீவாளிக்கு உரிய கொறுக்கை காவிரிப் படுகையில் விளைவது. திருவாவடுதுறை அந்தக் கைவேலைக்குப் பேர்போனது. மரமும் நாணலும் அக்கரையில், வாசிப்பு இக்கரையில். கலைஞரும் இரு திசையிலும் சென்று வந்தனர். இணுவில் விசுவலிங்கம் தவில் வித்துவான். அவர் மகன் தட்சிணாமூர்த்தி (1933–1975) நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளையிடம் பயின்று, பின்னர் தமிழ்நாட்டு மேடைகளையே வியக்க வைத்தார். நாகசுரத்தில் அளவெட்டி என். கே. பத்மநாதன் (1931–2003) யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு பெயரை நிலைநாட்டினார். இங்கிருந்த மரபை வெறும் தஞ்சைக் கிளை என்று சொல்வதும் தவறு. ஆயிரம் ஆண்டுத் தனிமரபு என்று சொல்வதும் தவறு. ஓயாத கடற்போக்குவரத்தில் புதுப்பிக்கப்பட்டு வந்த மரபு இது. உச்ச சுருதியில் ஒலித்த திமிரி நாகசுரத்துக்குப் பதிலாக, திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) நிலைபெறச் செய்த நீண்ட பாரி நாகசுரம் இங்கும் வழக்குக்கு வந்ததை அந்தப் போக்குவரத்தோடு சேர்த்தே விளக்க முடியும்.

நாகசுரத்தைப் போன்ற இரட்டை நாணல் கருவி ஒன்று கல்விக்கூடத்துக்குள் நுழைந்த கதை மேற்கில் உண்டு. 1795இல் பாரிசில் இசைக்கல்லூரி தொடங்கியபோது அத்தகைய கருவியான பஸூனுக்கும் ஆசிரியர் அமர்த்தப்பட்டனர். அவர்களில் ஒருவரான எத்தியென் ஓசி 1803இல் அக்கருவிக்குப் பயிற்சிநூல் வெளியிட்டார். இன்று பல்கலைக்கழகங்களில் பஸூன் வாசிப்பில் பட்டப்பின்படிப்புப் படிக்கும் மாணவர்கள் நாணலைத் தாமே செதுக்கிக் கட்டக் கற்கின்றனர். வாசிப்பில் பாதி நாணலில் இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. நம் வித்துவான்களும் அதை அறிவர். குழலோடு தொங்கும் மாற்றுச் சீவாளிகளே அதற்குச் சாட்சி.

ஆகவே, யாழ்ப்பாணத்தில் இத்துறையை ஆராயவரும் மாணவருக்கு ஒரு வேண்டுகோள். பெருவங்கியத்தில் தொடங்காதீர்கள். சீவாளியில் தொடங்குங்கள். அது எந்த ஊரில் யார் கையால் கட்டப்பட்டது, எந்தத் துறைமுகம் வழியாக வந்தது, எந்தக் கோயில் எந்த ஆண்டில் எந்தக் குடும்பத்துக்குக் காணி கொடுத்தது என்று கேளுங்கள். இணுவிலிலும் அளவெட்டியிலும் முதியோர் நினைவில் உள்ளவற்றை இப்போதே பதிந்துகொள்ளுங்கள். கோயிற் கணக்கேடுகளைப் புரட்டுங்கள். கல்வெட்டில் உள்ள வங்கியம் குழல் என்றே எனக்குப் படுகிறது. நம் வீதிகளில் ஒலிப்பது நாகசுரம். அதன் பெருமைக்கு இராசராசனின் கையெழுத்துத் தேவையில்லை.