லவ்டேல் லாரன்ஸ் பள்ளி

நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்தை அடுத்த லவ்டேலில், ஏறத்தாழ 7,200 அடி உயரத்தில் அமைந்துள்ள உறைவிடப் பள்ளி. இந்தியாவில் பணிபுரிந்த ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1858இல் தொடங்கப்பட்டது. அதன் மற்றொரு வேர் 1789இல் சென்னை எழும்பூரில் நிறுவப்பட்ட படைவீரர் ஆண்பிள்ளைகள் இல்லம். 1870களின் தொடக்கத்தில் அந்த இல்லம் லவ்டேல் நிறுவனத்துடன் இணைந்தது. உலகக் கல்வி வரலாற்றில் இப்பள்ளி இடம் பெறுவது அந்த எழும்பூர் வேரினால்தான்.

வேற்று நாட்டில் நெடுங்காலம் தங்கும் எந்தப் படைக்கும் பிள்ளைகளின் படிப்பு ஒரு சிக்கலாக வந்து நிற்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா, ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நிறுத்தியிருந்த தன் வீரர்களின் குடும்பங்களுக்காக 1946 முதல் பள்ளிகளைத் திறந்தது. ஒகினாவாவில் உள்ள குபசாக்கி உயர்நிலைப் பள்ளி அவ்வழியில் வந்தது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனி அதே சிக்கலைச் சென்னையில் சந்தித்தது. ஆனால் கம்பெனி வீரனின் பிள்ளை பெரும்பாலும் கப்பலில் வந்த பிள்ளை அல்ல. இங்கேயே, இந்நாட்டுத் தாய்க்குப் பிறந்த பிள்ளை. தகப்பன் போரிலோ காய்ச்சலிலோ மாண்டுபோனாலும், படைப்பிரிவு மாறிப் போனாலும், அப்பிள்ளையைத் தன் பொறுப்பென ஏற்க முறையான ஏற்பாடு எதுவும் இல்லை.

எழும்பூர் இல்லம்

முதலில் பெண்பிள்ளைகளுக்கான இல்லம் 1787இல் சென்னையில் ஏற்பட்டது. அப்போதைய ஆளுநர் சர் ஆர்ச்சிபால்டு கேம்பலின் மனைவி அதற்கு ஆதரவாக நின்றார். இரண்டாண்டுகள் கழித்து, 1789இல், ஆண்பிள்ளைகளுக்கான இல்லம் எழும்பூர்க் காவல்கோட்டையில் திறக்கப்பட்டது. இன்று எழும்பூர் ரயில் நிலையம் நிற்கும் பகுதி அது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753இல் பிறந்து, 1787இல் சென்னைக்கு வந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் அதன் பொறுப்பை ஏற்றார். பல படைப்பிரிவுகளுக்குச் சமயகுருவாக இருந்து நல்ல வருவாய் பெற்றுவந்த அவர், இல்லப் பணிக்கென ஒதுக்கிய சம்பளத்தை வாங்க மறுத்துவிட்டார்.

பிள்ளைகளைத் தாயின் செல்வாக்கிலிருந்து பிரித்து ஆங்கிலேய ஒழுக்கத்தில் வளர்ப்பது இல்லத்தின் நோக்கங்களுள் ஒன்று. அதை அன்றைய நிருவாகம் மறைக்கவில்லை. அந்தத் தாய்மார்களின் பெயர்களோ பிள்ளைகளைப் பிரிந்த அவர்களின் துயரமோ இல்லத்தின் வரலாற்றில் இடம்பெறவில்லை. இதைக் குறிப்பிடாமல் இல்லத்தின் அறப்பணியை மட்டும் பாராட்டுவது பாதி வரலாறாகும்.

திண்ணைப் பள்ளியிலிருந்து வந்த முறை

இல்லத்தில் அமர்த்தப்பட்ட ஆசிரியர்களிடம் பெல்லுக்கு நிறைவில்லை. சிறுவர்கள் எழுத்துகளைக் கற்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது, சென்னைத் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டார். திரும்பி வந்ததும் தம் இல்லத்தில் அவ்வாறே கற்பிக்கச் சொன்னார். ஆசிரியர்கள் அது நடக்காது என்றனர். அதன்பின் அவர், ஒரு சாதாரணப் படைவீரனின் மகனான ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதை அவன் செய்து காட்டினான். படிப்படியாக மற்ற வகுப்புகளும் மாணவர்கள் கைக்கு வந்தன. ஒரே ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறை இப்படி உருவாயிற்று.

தமிழ்நாட்டுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. திண்ணைப் பள்ளியில் அண்ணாவி எனப்பட்ட ஆசிரியருக்கு அடுத்தபடி அதிகாரம் சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவனுக்கு இருந்தது. முன்னே படித்த பிள்ளை பாடத்தை முறை சொல்ல, மற்றவர்கள் கூடவே சொல்லுவார்கள். மணலில் விரல் பழகி எழுத்து படிந்த பிறகுதான் கைக்கு ஓலையும் எழுத்தாணியும் வரும். 1623இல் தென்னிந்தியாவில் பயணம் செய்த இத்தாலியர் பியெத்ரோ தெல்லா வாலே, இக்கேரி வட்டாரத்தில் ஆசிரியரே இல்லாமல் சிறுவர்கள் கூடி மணலில் எழுதிக் கணக்குப் படித்ததை எழுதியிருக்கிறார். பெல்லுக்கு 160 ஆண்டுகளுக்கும் முந்தைய குறிப்பு அது. ஆகவே மணலெழுத்தும் சட்டாம்பிள்ளை முறையும் இம்மண்ணிலிருந்தே போனவை. பெல் செய்தது அவற்றை ஒழுங்குபடுத்தி ஆங்கிலத்தில் எழுதியது.

1796இல் நாடு திரும்பிய பெல், மறு ஆண்டே எழும்பூரில் செய்த கல்விச் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1798இல் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் இதையொத்த முறையில் பள்ளி நடத்தத் தொடங்கினார். முறையை முதலில் கண்டவர் யார் என்று இருவர் ஆதரவாளர்களும் பல ஆண்டுகள் சச்சரவிட்டனர். திண்ணைப் பள்ளியை அறிந்தவர்களுக்கு அது தேவையற்ற சச்சரவு. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்பில் அமைந்த தேசியக் கழகம் பெல்லின் முறையை ஏற்றது. 1832இல் அவர் மறைந்தபோது அம்முறையில் நடந்த பள்ளிகள் 12,000க்கும் மேல் இருந்தன. அவர் உடல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விட்டுச்சென்ற பொருளால் பிறந்த ஊரில் 1833இல் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அது இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பெயரிலேயே நடக்கிறது. சென்னையின் பெயர் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் வழங்கிவரும் அதே காலத்தில், அம்முறையைத் தந்த திண்ணைப் பள்ளிகள் இங்கே ஆதரவிழந்து மறைந்தன. சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாக ஆளுநர் தாமஸ் மன்றோவின் 1826ஆம் ஆண்டுக் குறிப்பு கூறுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை இத்தகைய ஊர்ப் பள்ளிகளே.

சேலம், நாமக்கல் பகுதிகளோடு தொடர்பு

மேற்கண்ட மன்றோ தம் ஆட்சிப் பயிற்சியைப் பெற்றது சேலம் சீமையில். 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகால் வட்டாரத்தையும் சேலம், ஆத்தூர், நாமக்கல், சங்ககிரிப் பகுதிகளையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே மன்றோ, மெக்லியாட், கிரகாம் ஆகியோரும் இங்கு வரி நிருவாகம் செய்தனர். நால்வரும் படை அதிகாரிகள். அதே உடன்படிக்கையின்படி திப்புவின் மைந்தர்கள் அப்துல் காலிக், முயிசுத்தீன் இருவரும் பிணையாகச் சென்னைக்கு வந்தனர். 1794இல் கேப்டன் டோவ்டன் அவர்களைத் தந்தையிடம் திருப்பிக் கொண்டுபோனபோது, எழும்பூர் இல்லத்து மாணவன் வில்லியம் ஸ்மித்தும் உடன் சென்றான். திப்புவுக்கு அன்பளிப்பாக அனுப்பிய அறிவியல் கருவிகளுக்கு அவனே பொறுப்பாளன். படைவீரர் இல்லத்தில் பெல்லிடம் இயற்பியல் கேட்ட அந்த இளைஞன், சுல்தான் முன்னிலையில் சோதனைகளைச் செய்து விளக்கினான். இரண்டாண்டுகளுக்கு முன் எதிரெதிரே நின்ற இரு தரப்பாரும் ஒரு மாணவனின் செய்முறையைச் சுற்றி நின்று பார்த்த நிகழ்வு தென்னிந்திய அறிவியல் வரலாற்றில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது.

அதே 1794இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிக்கு முதல் மாணவர்களாகச் சேர்ந்த எண்மரும் இவ்வில்லத்துப் பிள்ளைகளே. கிண்டிப் பொறியியல் கல்லூரி தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. அந்த நில அளவைப் பள்ளியில் பயின்றவர்கள் உதவி அளவையாளர்களாகக் காலின் மெக்கன்சியின் மைசூர் அளவையில் பணி செய்தனர்.

உதகைக்கு மாற்றம்

லாரன்ஸ் பள்ளிகளுக்குப் பெயர் தந்த சர் ஹென்றி லாரன்ஸ் 1806இல் இலங்கையின் மாத்தறையில் ஒரு படை அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். வெப்பமான சமவெளிப் படை முகாம்களில் வீரர்களின் பிள்ளைகள் நோயுற்று இறப்பதைக் கண்டு, அவர்களை மலையில் வைத்து வளர்க்க வேண்டும் என்றார். அவர் முயற்சியில் 1847இல் சிம்லா மலைப்பகுதியின் சனாவரில் முதல் இல்லம் அமைந்தது. 1857 ஜூலை 4 அன்று லக்னோ முற்றுகையில் அவர் இறந்த பின், சென்னை மாகாணத்தில் நன்கொடை திரட்டி 1858இல் உதகை இல்லத்தை நிறுவினர். இன்று பாகிஸ்தானில் இருக்கும் முர்ரீ மலையில் 1860இல் மற்றொன்று எழுந்தது.

லவ்டேலின் பெரிய கட்டடம், சென்னையில் பல புகழ்பெற்ற கட்டடங்களை எழுப்பிய ராபர்ட் ஃபெலோஸ் சிஸம் இத்தாலிய காதிக் பாணியில் வரைந்தது. அதன் மணிக்கோபுரம் தொலைவிலிருந்தே தெரியும். எழும்பூர்ப் பிள்ளைகள் வந்து சேர்ந்தபின் நிறுவனம் விரிவடைந்தது. இல்லத்தோடு சேர்ந்த அச்சகம் மட்டும் சென்னையிலேயே தங்கி, மவுண்ட் ரோட்டில் ‘லாரன்ஸ் அசைலம் பிரஸ்’ என்ற பெயரில் நடந்தது. அது ஆண்டுதோறும் வெளியிட்ட சென்னைப் பஞ்சாங்க விவரத் தொகுப்பில், யார் எந்த அலுவலில் எங்கிருந்தார்கள் என்பது வரை இருக்கும். மாகாண வரலாறு எழுதுவோர் இன்றும் அதைப் புரட்டுகின்றனர்.

சென்னையிலிருந்து மலையேறும் பிள்ளைகளின் பாதை சேலம் வழியாகச் சென்றது. சேலம், ஈரோடு, போத்தனூர் கடந்து 1873இல் ரயில் மேட்டுப்பாளையத்தை எட்டியது. மலை ரயில் பாதை 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் நீண்டபோது லவ்டேலுக்குத் தனி நிலையமே கிடைத்தது. வீரர் பிள்ளைகளுக்குப் படிப்போடு அணிவகுப்பும் வாத்தியக் குழுப் பயிற்சியும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது அரச படைப் பள்ளி என வழங்கியது.

இதேபோல் மலை நாடி வந்த பிற பள்ளிகளில், அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901இல் ஏற்பட்ட கொடைக்கானல் பள்ளியும், ஏற்காட்டில் 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியும் குறிப்பிடத்தக்கவை. படைப்பணிக்குத் தமிழ்ப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் சைனிக் பள்ளி 1962இல் உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி நகரில் திறக்கப்பட்டது.

இன்றைய நிலை

லவ்டேல் பள்ளி 1949இல் பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து கல்வி அமைச்சகத்துக்கு மாறி, எல்லாப் பிள்ளைகளுக்குமான பள்ளியாயிற்று. இன்று இருபாலரும் இங்கு பயில்கின்றனர். மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டம். வளாகம் சுமார் 750 ஏக்கர். 1997இல் புக்கர் பரிசு பெற்ற எழுத்தாளர் அருந்ததி ராய் இங்கு பயின்றவர்.