மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

பழைய கார் வாங்க நினைக்கும் நண்பர்கள் வழக்கமாகக் கேட்கும் முதற் கேள்வி, எந்தக் கம்பனியின் எஞ்சின் நம்பகமானது என்பதாகும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் எஞ்சினின் நம்பகத்தன்மை அதன் கம்பனிப் பெயரில் மாத்திரம் தங்கியிருப்பதில்லை. அது எத்தகைய எரிபொருளுக்காக வடிவமைக்கப்பட்டது, என்ன எரிபொருளில் ஓடியது, பழுது வந்தபோது அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் அருகில் இருந்தாரா என்பவையும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. இதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1990 முதல் 1995 வரை அங்கு ஓடிய பழைய பிரித்தானியக் கார்களே அந்தச் சான்று.

அந்தக் கார்கள் குடாநாட்டில் நிலைத்தமைக்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின் பின்னர் இலங்கையின் வீதிகளை ஆண்டவை பிரித்தானியக் கார்களே. ஒஸ்ரின் ஏ-40 டெவன் 1947இலும் அதனைத் தொடர்ந்த சொமசெற் 1952இலும் வெளிவந்தன. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948இல் அறிமுகமானது. ஒஸ்ரினும் மொரிஸும் 1952இல் ஒரே நிறுவனமாக இணைந்தபின், மைனருக்கு ஒஸ்ரினின் 803 சிசி எஞ்சின் கிடைத்தது. அது 1956இல் 948 சிசியாகவும் 1962இல் 1098 சிசியாகவும் பெருத்தது. பின்னர் 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, இருந்த கார்களையே திரும்பத் திரும்பத் திருத்தி ஓட்டுவதைத் தவிர மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. பழைய காரைக் காப்பாற்றும் கலையை எமது மெக்கானிக்குகள் கற்றுக்கொண்டது அந்தக் காலத்திலேதான்.

யாழ்ப்பாணத்தில் இக்கார்களுக்கு இன்னொரு வாழ்வும் இருந்தது. ஏ-40களும் கேம்பிரிட்ஜ்களும் சந்திகளிலே வாடகைக்கு நின்றன. கலியாண வீட்டுக்கும், கோயிலுக்கும், பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்வதற்கும் அவையே துணை. குடும்பத்துக்கெனச் சொந்தக் கார் இல்லாத ஊர்களில் ஊருக்கே குடும்பக் காராக அவை இருந்தன எனலாம்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த குடாநாட்டுக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருட்களுள் பெற்றோலும் ஒன்று. இரகசியமாக வந்து சேர்ந்த பெற்றோல் போத்தல்களில், சாதாரண மக்கள் நினைத்தும் பார்க்க முடியாத விலைக்கு விற்கப்பட்டது. எஞ்சியது மண்ணெண்ணெய். அதுவும் தாராளமாகக் கிடைத்ததில்லை, ஆனால் கிடைத்தது. அப்போது நான் இருபதுகளில் இருந்தேன். வீதியில் ஒரு கார் கடந்து சென்றால், வெண்புகையும் மண்ணெண்ணெய் மணமும் நெடுநேரம் அங்கேயே நிற்கும். கண்ணை மூடிக்கொண்டே கார் போனதை அறிந்துகொள்ளலாம்.

பெற்றோல் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடியது எப்படி? முதலாவது காரணம் நெருக்கல் விகிதம். உருளைக்குள் வரும் எரிபொருட் கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதே அது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு மிகக் குறைவு. அதிகம் நெருக்கினால் அது உரிய நேரத்துக்கு முன்பே தானாக எரியத் தொடங்கி, எஞ்சினைச் சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும். மைனரின் 803 சிசி எஞ்சினில் அந்த விகிதம் 7ஐச் சற்றே தாண்டியது மாத்திரமே. இன்றைய கார்களில் அது 10ஐயும் கடந்துவிட்டது. போருக்குப் பிந்திய வருடங்களின் தரங்குறைந்த பெற்றோலைக் கருதி அமைக்கப்பட்ட பழைய எஞ்சின்கள், அந்தக் காரணத்தாலேயே மண்ணெண்ணெயையும் ஓரளவு சகித்துக்கொண்டன.

இரண்டாவது காரணம் வெப்பம். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஒஸ்ரின், மொரிஸ் எஞ்சின்களில் எரிபொருட் கலவை உட்செல்லும் குழாயும் சூடான புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று ஒட்டியே அமைந்திருந்தன. அந்தச் சூடு மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் அந்தச் சூடு இல்லை. ஆதலால் கார்பரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டே காரை இயக்க வேண்டியிருந்தது. எஞ்சின் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய் வேலையைப் பொறுப்பேற்கும். இது முற்றிலும் புதிய கண்டுபிடிப்பு அன்று. பிரித்தானியாவில் பேர்கசன் உழவு இயந்திரங்களின் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற மலிவான எரிபொருளில் ஓடும்படி கம்பனியிலேயே உருவாக்கப்பட்டிருந்தது. வேறுபாடு என்னவெனில், அந்த உழவு இயந்திரம் அதற்கென்றே செய்யப்பட்டது. எமது கார்கள் வேறு வழியின்றி அதற்குப் பழக்கப்பட்டன.

அதற்கான விலையையும் எஞ்சின்களே கொடுத்தன. முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி, அடியிலுள்ள எஞ்சின் ஒயிலுடன் கலக்கும். ஒயில் தண்ணீர்போல் மெலியும். மெலிந்த ஒயிலால் பெயாரிங்குகளையும் உருளைச் சுவர்களையும் காக்க முடியாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓடிய எஞ்சினில் ஒயில் குறைவதுதான் வழக்கம். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினிலோ அளவுக் கம்பியில் ஒயில் மட்டம் உயரும். அந்த உயர்ச்சி நல்ல அறிகுறி அன்று, நோயின் அறிகுறி. பிளக்குகளில் கரி படியும், வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். எனவே பிளக்குகளை அடிக்கடி கழற்றித் துடைப்பதும், ஒயிலை உரிய காலத்துக்கு முன்பே மாற்றுவதும் அக்காலத்துச் சாரதியின் அன்றாடக் கடமைகள். புதிய உதிரிப்பாகம் வரப்போவதில்லை. தேய்ந்த பாகத்தை லேத் பட்டறையில் கடைந்து பொருத்தினார்கள். ஒரு காரைக் கழற்றி இன்னொரு காருக்கு உயிர் கொடுத்தார்கள்.

1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர நேர்ந்தபோது, பெரும்பாலானோர் நடந்தும் சைக்கிள்களை உருட்டியுமே தென்மராட்சியை நோக்கிச் சென்றார்கள். அந்த மனித வெள்ளத்தில் முதியோரையும் நோயாளரையும் ஏற்றிக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஊர்ந்த வாகனங்களில் இந்தப் பழைய கார்களும் இருந்தன. 'நம்பகத்தன்மை' என்ற சொல்லுக்கு விளம்பரங்களில் காணாத பொருள் அன்று இருந்தது. கார் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவரைத் தோளில் சுமக்க வேண்டும்.

2002இல் போர்நிறுத்தத்தின் பின்னர் ஏ-9 பாதை திறக்கப்பட்டது. பெற்றோல் வந்தது, ஜப்பானியக் கார்களும் வந்தன. ஜப்பானில் புதிய கார் மூன்று வருடங்களின் பின்னரும், அதன்பின் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க அங்குள்ளோர் விற்றுவிடும் கார்களில் ஒரு பகுதியே 'ரீகண்டிஷன்' என்ற பெயரில் இங்கு வந்து சேர்கின்றன. இவை பழைய ஒஸ்ரினை விடப் பன்மடங்கு சிறந்த எஞ்சின்கள். பல இலட்சம் கிலோமீற்றர் ஓடக்கூடியவை. ஆயினும் அவை மன்னிப்பதில்லை. உரிய ஒயில், உரிய குளிராக்கும் திரவம், உரிய காலத்தில் பராமரிப்பு ஆகிய மூன்றில் ஒன்று தவறினாலும், சந்திக் கராஜில் சுத்தியலும் சாவியும் கொண்டு அவற்றைக் காப்பாற்றுவது கடினம்.

இன்று இதனை வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், பல வருடங்கள் ஓடிய கார்கள் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குக் கைமாறின. ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்து மற்றொருவரின் அலட்சியத்தை வாங்கிவிடும் ஆபத்து அத்தகைய சந்தையில் அதிகம்.

எனவே வாங்குவோர், மண்ணெண்ணெய்க் காலத்துச் சாரதிகள் பார்த்தவற்றையே முதலில் பார்க்க வேண்டும். காரைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். நீங்கள் வருமுன்பே பொனற் சூடாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். இயக்கும்போது எழும் தட்டும் ஓசையைக் கவனியுங்கள். நீலப் புகை எனில் ஒயில் எரிகிறது. வளையங்களோ வால்வுச் சீல்களோ தேய்ந்திருக்கலாம். எஞ்சின் சூடேறிய பின்னரும் நிற்காத அடர்ந்த வெண்புகை, உருளைக்குள் தண்ணீர் கசிவதைக் காட்டலாம். கரும்புகை அளவுக்கு மீறிய எரிபொருளின் அடையாளம். ஒயில் மூடியின் உட்புறத்தில் பால்போன்ற படிவு தடித்திருந்தால், ஒயிலும் தண்ணீரும் கலந்துள்ளனவா என விசாரியுங்கள். ஒயில் அளவுக் கம்பியில் மட்டம் மிகையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். மீற்றர் காட்டும் எண்ணை மாற்றிவிடலாம். எஞ்சினின் நெருக்கல் அழுத்தத்தை அளந்து பார்த்தால் அது அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. பராமரிப்புப் பதிவுகள் இல்லாத காரின் விலையில் ஒரு பெரிய திருத்த வேலையின் செலவைக் கழித்தே பேரம் பேசுங்கள்.

குடாநாட்டின் அந்தக் கார்கள் ஐந்து வருடங்கள் தாக்குப் பிடித்தமைக்கு ஒஸ்ரினின் பெயரோ மொரிஸின் பெயரோ மாத்திரம் காரணமன்று. ஒவ்வொரு நாளும் ஒயில் பார்த்து, பிளக்கைத் துடைத்து, தட்டும் ஓசைக்குக் காது கொடுத்த மனிதர்களும் காரணம். நீங்கள் வாங்கப்போகும் காருக்கு அப்படி ஒருவர் இருந்தாரா என்பதை விசாரித்தறியுங்கள். கம்பனியின் பெயரைக் கேட்பது அதற்குப் பிறகு.