காடாம்புலியூர் யார் கணக்கில்?

உலக நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் கருப்பை வாய்ப் புற்றுநோயின் குறியீடு சி53. உட்புறம் என்றால் சி53.0, வெளிப்புறம் என்றால் சி53.1, இடம் எழுதப்படவில்லை என்றால் சி53.9. கேஸ் ஷீட்டில் ‘கருப்பைப் புற்று’ என்று மட்டும் இருந்தால் அது சி55-க்குப் போய்விடும். அந்தப் பெண் கருப்பை வாய்ப் புற்றின் கணக்கிலேயே வரமாட்டார். இதை வெறும் எழுத்தர் வேலை என்று ஒதுக்க முடியாது. தமிழ்நாட்டில் இந்த நோயை எதிர்க்க வழி காட்டியதே இந்தப் பதிவு வேலைதான்.

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் தொடங்கியது. 1981-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தில் அங்கே சென்னை நகருக்கான புற்றுநோய்ப் பதிவேடு அமைந்தது. புற்றுநோயை அறிவித்தே ஆகவேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லை. ஆகவே பதிவேட்டு ஊழியர்களே மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கோப்புகளைப் புரட்டினார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு ஒத்துப் பார்த்தார்கள். சென்னைப் பெண்களிடம் அன்று முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்று என்பதும், பிற்காலத்தில் அது குறைந்து மார்பகப் புற்று முந்தியது என்பதும் இப்படித்தான் தெரியவந்தன. ஆனால் இத்தகைய பதிவேடு சிகிச்சை பெற்ற ஊரை அல்ல, குடியிருக்கும் ஊரையே கணக்கில் எடுக்கும். பண்ருட்டிப் பக்கத்துக் காடாம்புலியூர்ப் பெண் அடையாறில் சிகிச்சை பெற்றாலும் சென்னைக் கணக்கில் சேரமாட்டார். மாநிலம் முழுவதையும் தழுவிய பதிவுத் திட்டம் வந்தது 2012-இல்தான்.

எண்ணிக்கை யாரையும் குணப்படுத்துமா, பதிவேட்டுக்குச் செலவாகும் பணத்தில் செவிலியர்களை நியமிக்கலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விடை திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 2000-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெளுக்கும் இடங்களைக் கண்ணால் பார்த்தே நோய் இருக்கலாம் எனச் சந்தேகிக்கத் தக்கவர்களைக் கண்டறிந்தார்கள். பரிசோதனைக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் இருந்தனர். அப்பகுதிகளில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 சதவீதம் குறைவு என்று 2007-இல் முடிவு வெளியானது. யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்று அம்மாவட்டத்து அம்பிளிக்கையில் இயங்கிய புற்றுநோய்ப் பதிவேடு குறித்து வைத்திராவிட்டால் அந்தச் செவிலியர்களின் உழைப்பு என்ன பலன் தந்தது என்றே தெரிந்திருக்காது. சென்னையில் தானாகக் குறைந்ததுபோல எங்கும் குறையும் என்ற வாதமும் இங்கே நிற்காது. அதே மாவட்டத்தின் பரிசோதனை நடக்காத பகுதிகளோடு ஒப்பிட்டுக் கண்ட வேறுபாடு அது.

ஆகவே காடாம்புலியூர்ப் பெண்ணும் சரியான கணக்கில் வர, கடலூரிலும் சிதம்பரத்திலும் கேஸ் ஷீட் எழுதும் மருத்துவர்கள் ‘கருப்பைப் புற்று’ என்று நிறுத்திவிடாமல் கருப்பை வாய் என்றும், அதில் எந்தப் பகுதி என்றும், நோயாளியின் சொந்த ஊர் எது என்றும் முழுமையாக எழுத வேண்டும்.