அயர்லாந்தின் சுண்ணாம்புக் காளவாய்கள்

அயர்லாந்தின் கிராமங்களில், மேட்டுச் சரிவை ஒட்டிப் புதர் மண்டிய கற்கட்டடங்கள் பல உண்டு. முன்புறம் வளைவான ஒரு வாய், மேலே வட்டமான குழி. பாழடைந்த கோட்டை போலத் தோன்றும் இவை உண்மையில் சுண்ணாம்புக் காளவாய்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உழவர் குடும்பங்கள் தங்கள் வயலுக்கு வேண்டிய சுண்ணாம்பை இவற்றில்தான் சுட்டன.

வயலுக்கு எதற்குச் சுண்ணாம்பு? அயர்லாந்து மழை மிகுந்த நாடு. ஓயாத மழை மண்ணிலுள்ள கால்சியத்தைக் கரைத்துக் கொண்டு போக, மண் புளித்து அமிலத்தன்மை அடைகிறது. அதை முறிக்கும் மருந்து சுண்ணாம்பு.

காளவாயைச் சரிவில் கட்டியதற்குக் காரணம் உண்டு. மேட்டுப் பக்கமாக வண்டியில் கொண்டு வந்து அப்படியே மேலிருந்து கொட்டலாம். உடைத்த சுண்ணாம்புக்கல் ஓர் அடுக்கு, எரிபொருள் ஓர் அடுக்கு என மாற்றி மாற்றி நிரப்புவார்கள். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த 'டர்ஃப்' கட்டிகளே பல இடங்களில் எரிபொருள். தீ நாள்கணக்கில் எரியும். இரவிலும் ஆள் காவல் இருக்க வேண்டும். சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கல்லிலிருந்து கரியமில வாயு பிரிந்து போகும். 100 கிலோ சுத்தமான கல்லுக்கு 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். அதை நீர் விட்டு நீற்றி வயலில் தூவுவார்கள். மீதியில் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள்.

வேலை ஆபத்தானது. சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். குளிருக்கு இதமாகக் காளவாய் ஓரம் படுத்தவர்கள் நச்சுப்புகையில் உறக்கத்திலேயே இறந்ததும் உண்டு.

இதைவிடக் கொடுமை வேறொன்று. நிலம் பெரும்பாலும் பண்ணையாருடையது. உழவர் வெறும் குத்தகைதாரர். பாடுபட்டு நிலத்தை வளமாக்கினால், அந்த வளத்தையே காட்டிக் குத்தகையை உயர்த்த முடியும். 1870, 1881ஆம் ஆண்டு நிலச் சட்டங்கள் வந்த பிறகுதான் உழைத்தவருக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது.

1950களில் அரசு மானியத்துடன் அரைத்த சுண்ணாம்புக்கல் தூள் பரவலாகக் கிடைத்தது. சுடாமலே வயலில் தூவலாம் என்றானதும், மிஞ்சியிருந்த காளவாய்களும் அணைந்தன. நல்லவேளையாக, 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பில் சுண்ணாம்பு சுட்ட கதைகளும் இடம்பெற்றன. காளவாய்கள் அணைந்தாலும், அவற்றில் பாடுபட்டவர்களின் நினைவு அந்தப் பிள்ளைகளின் கையெழுத்தில் வாழ்கிறது.